உறைகிற எண்ணெய், உறையாத டீசல்: மலையகக் குளிருக்கான தேங்காய் எண்ணெய் பயோடீசல்

மலையகத்தில் காலை நேரத்தில் தேங்காய் எண்ணெய் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்கித்தான் தலைக்கு எடுக்க முடியும். 24 பாகைக்குக் கீழே போனால் அது வெள்ளைக் கட்டிதான். இதைப் பார்த்துப் பழகியவர்கள் பயோடீசல் செய்யலாம் என்று இறங்கும்போது தேங்காய் எண்ணெயை ஒதுக்கிவிடுகிறார்கள். குளிரிலும் ஓடிக்கொண்டிருக்கிற பாம் எண்ணெயைக் கடைகளில் சேர்த்து வருகிறார்கள். வேலை பிழைப்பது அங்கேதான். எஸ்டராக மாற்றியபின் இரண்டின் குணமும் தலைகீழாகிவிடும்.

எண்ணெயில் மூன்று கொழுப்பமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. மெதனோலும் அதை வேலை செய்யவைக்கும் காரமும் (பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்) சேர்த்து அந்தப் பிணைப்பை அவிழ்த்தால் ஒவ்வொரு அமிலமும் தனித்தனி மெதைல் எஸ்டர் ஆகிறது. இந்த எஸ்டர்க் கலவைதான் பயோடீசல். அதற்குப் பிறகு எந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதே உறைநிலையைத் தீர்மானிக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அதன் எஸ்டர் தனியாக இருந்தாலே 5 பாகை வரை திரவம்தான். பாம் எண்ணெயில் 40 வீதமளவுக்குப் பால்மிடிக் அமிலம். அதன் எஸ்டர் 30 பாகையிலேயே கட்டியாகும். இவை கலவையாக இருக்கும்போது, பாம் எண்ணெய் பயோடீசல் 13 முதல் 16 பாகைக்குள் மங்கத் தொடங்கும். தேங்காய் எண்ணெயில் செய்தது 0 பாகைக்குக் கிட்டத்தான் மங்கும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே ஏறக்குறைய 16 பாகை. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் மரக்கறித் தோட்டங்களில் உறைபனி விழும். அங்கே பாம் எண்ணெய் பயோடீசல் அதிக விகிதத்தில் கலந்த தாங்கியைத் திறந்தால் அடியில் மெழுகு போலப் படிந்திருக்கும், பில்டர் அடைத்து என்ஜின் சத்தமே போடாது. பதுளையில் அதே எரிபொருள் வருடத்தின் பெரும்பகுதி சிக்கலில்லாமல் ஓடும். ஆகவே கீழ்நாட்டுக்கு எழுதிய செய்முறையை அப்படியே மேலே கொண்டுவர முடியாது. எண்ணெய், மெதனோல் அளவு, சூடு மூன்றையும் மாற்றவேண்டும்.

எண்ணெயைப் பிரிப்பது

வடை, ரோல்ஸ், பெட்டிஸ் பொரிக்கிற கடைகளில் கிடைக்கும் பழைய எண்ணெய் பெரும்பாலும் கலவைதான். கடைக்காரர் தேங்காய் எண்ணெய் என்று சொன்னாலும் ஒரு போத்தலில் எடுத்து 15 முதல் 18 பாகைக்குள் ஓரிரவு வைத்துப் பாருங்கள். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் இதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், ஜன்னலோரம் போதும். முழுவதும் வெண்மையாக இறுகினால் தேங்காய் எண்ணெய். மேலே தெளிவாகவும் அடியில் குருணையாகவும் நின்றால் பாம் எண்ணெய். கூழ்போல இருந்தால் கலவை. இறுகியதை ஒரு கேனிலும் மற்றவற்றை வேறு கேனிலும் சேருங்கள். பிந்தியதையும் வீசவேண்டாம்: டீசலில் 5 வீதம் மட்டும் கலந்தாலோ, கண்டி, பதுளைப் பக்கம் ஓடும் வாகனத்துக்குக் கொடுத்தாலோ பயன்படும்.

எண்ணெயை அப்படியே டீசலோடு ஊற்றி ஓட்டலாம் என்ற பேச்சை நம்பவேண்டாம். 40 பாகையில் தேங்காய் எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. இன்ஜெக்டர் அதைத் தூவலாக்காமல் தாரையாக விடும். எரியாத எண்ணெய் இன்ஜெக்டர் நுனியிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகப் படிந்து, ரிங் ஒட்டிக்கொள்ளும், சில மாதங்களில் கம்ப்ரஷன் போய்விடும். எஸ்டராக்கினால் பிசுபிசுப்பு டீசல் அளவுக்கே இறங்கிவிடும்.

இடமும் பாத்திரமும்

மெதனோல் 11 பாகையிலேயே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கும். அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. தோல்வழியாகவும் உடலுக்குள் போகும். குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். ஆகவே இந்த வேலையை லயன் அறையிலோ அதன் தாழ்வாரத்திலோ செய்யவே கூடாது. ஒரே கூரையின் கீழ் பல வீடுகள், ஒவ்வொன்றிலும் விறகடுப்பு. ஒரு வீட்டின் பிழை முழு லயத்தையும் எரித்துவிடும். வீடுகளிலிருந்து தள்ளி, நாலாபக்கமும் காற்றோடும் திறந்த கொட்டகை வேண்டும். மெதனோல் கேனில் பெரிதாக 'நஞ்சு' என்று எழுதி, பூட்டி வையுங்கள். சாராயம் என்று நினைத்து யாரும் தொட்டுவிடக்கூடாது.

பாத்திரங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ தடித்த பொலித்தீன் கேனாகவோ இருக்கவேண்டும். அலுமினியமும் நாகம் பூசிய பரலும் காரத்தில் அரித்துப்போகும். பித்தளை வால்வு, செம்புக் குழாய் இரண்டும் பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும். இரப்பர்க் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்: இவை இல்லாமல் தொடங்கவேண்டாம்.

உலர்த்தலும் அமில அளவும்

எண்ணெயை 40 பாகைக்குச் சூடாக்கித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு வெளியில் விறகடுப்பில் வைத்து 110 பாகைக்கு ஏற்றி, குமிழ் அடங்கும்வரை வையுங்கள். சூடான சட்டியில் ஒரு துளி விட்டால் வெடிக்கக்கூடாது. வெடித்தால் நீர் இன்னும் இருக்கிறது. நீர் இருந்தால் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிவிடும், அதிலும் தேங்காய் எண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட விரைவாகச் சவர்க்காரமாகும்.

பலமுறை பொரித்த எண்ணெயில் தனித்த கொழுப்பமிலம் கூடியிருக்கும், அது போடும் காரத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதை அளக்காமல் காரம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போன்றது. 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டை 1 லீற்றர் வடிநீரில் கரைத்து வையுங்கள். 40 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் இளஞ்சூடான எண்ணெய் 4 மில்லிலீற்றரைக் கரைத்து, இரண்டு துளி பினோப்தலீன் (காரம் மிஞ்சியதும் நிறம் மாறும் காட்டி) விடுங்கள். சிரிஞ்சால் அந்தக் காரநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு 15 விநாடி நிலைத்தால் நிறுத்துங்கள். செலவான மில்லிலீற்றரை 4ஆல் வகுத்தால் கிடைப்பதே உங்கள் எண். 1 மில்லிலீற்றர் எண்ணெயை வைத்துச் செய்தால் ஒரு துளிப் பிழைகூடப் பெரிதாகிவிடும் என்பதால்தான் 4. எண்ணெய் ஆறி அல்ககோலுக்குள் திரண்டால் கணக்குப் பிழைக்கும், ஆகவே குவளையை வெந்நீரில் வைத்துச் செய்யுங்கள். பினோப்தலீன் கிடைக்காவிட்டால் அல்ககோலில் ஊறவைத்த மஞ்சள் தூளின் தெளிவு போதும். மஞ்சள் சிவப்பாக மாறும் இடம்தான் எல்லை.

எண் 1 முதல் 3 வரை வந்தால் நல்ல எண்ணெய். 6ஐத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சவர்க்காரம் காய்ச்சுபவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

20 லீற்றருக்கான அளவு

90 வீதத் தூய்மையுள்ள பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் என்றால் லீற்றருக்கு 7.8 கிராம் அடிப்படை, அதோடு மேலே அமில அளவில் கிடைத்த உங்கள் எண்ணையும் கிராமாகக் கூட்டுங்கள். எண் 2 என்றால் 9.8 கிராம், 20 லீற்றருக்கு 196 கிராம். கொஸ்டிக் சோடாவும் வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் அதில் வரும் கிளிசரின் மலையகக் குளிரில் இறுகி, வால்வை அடைத்துவிடும். பொட்டாசியத்தில் வருவது திரவமாகவே வடியும். மூடுபனிக் காலத்தில் காரத்தின் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். நகைத் தராசில் விரைவாக நிறுத்து உடனே மூடுங்கள்.

மெதனோல் கணக்கில்தான் பலர் தேங்காய் எண்ணெயைப் பிழையாகக் கையாளுகிறார்கள். வழக்கமான செய்முறைகளில் 20 வீதம் என்றிருக்கும். அது சோயா, பாம் போன்ற நீண்ட அமிலங்கள் கொண்ட எண்ணெய்க்கு. தேங்காய் எண்ணெயின் அமிலங்கள் குட்டையானவை, ஆகவே அதே ஒரு லீற்றருக்குள் அவிழ்க்கவேண்டிய பிணைப்புகள் அதிகம். ஒரு லீற்றர் பாம் எண்ணெய்க்கு எதிர்வினைக்கு மட்டும் சுமார் 130 மில்லிலீற்றர் மெதனோல் செலவாகிறது, தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 170. எதிர்வினை முடிவுவரை போக, செலவாவதைவிட அரை மடங்காவது கூடுதலாக இருக்கவேண்டும். ஆகவே 25 வீதம் போடுங்கள்: 20 லீற்றருக்கு 5 லீற்றர். 20 வீதத்தோடு நின்றால் பாதி அவிழ்ந்த கிளிசரைட்டுகள் தங்கி, கழுவும்போது எல்லாம் நுரைத்துத் திரளும்.

மெதனோலை 10 லீற்றர் பொலித்தீன் கேனில் ஊற்றி, காரத்தை நாலைந்து தடவையாகப் போட்டு, மூடிச் சுழற்றுங்கள். சூடேறும். இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை விடுங்கள், முகத்தை அப்பால் வைத்துக்கொண்டு. காரத்தின் ஒரு துணுக்கும் அடியில் மிஞ்சாமல் கரைய 15 முதல் 20 நிமிடம் எடுக்கும்.

அடுத்தது சூடு. கடல்மட்டத்தில் மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் காற்றமுக்கம் குறைவு, அங்கே 59 பாகைக்குள் கொதித்துவிடும். அட்டனில் 61 அளவில். '60 பாகையில் வைத்துக் கலக்கவும்' என்ற குறிப்பைப் பின்பற்றினால் மெதனோல் ஆவியாகிக் கொட்டகையை நிறைக்கும், எதிர்வினைக்கும் போதாமல் போகும். இங்கே 50 முதல் 52 பாகையே சரி.

நெருப்பும் மெதனோலும் ஒரே இடத்தில் இருக்காதபடி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணெயை மட்டும் தூரத்து அடுப்பில் 58 பாகைக்குச் சூடாக்கி, நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். எண்ணெயைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, கம்பளி சுற்றிய மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றுங்கள். மெதனோல் கலவையை மெதுவாகச் சேர்த்தால் மொத்தம் 50 முதல் 52க்கு இறங்கி நிற்கும். மூடியில் துளையிட்டு, கைப்பிடித் துடுப்பால் ஒன்றரை மணிநேரம் கலக்குங்கள். கை துளையிடும் மெஷினைப் பயன்படுத்தவேண்டாம், அதன் பிரஷ் தீப்பொறி விடும்.

கலக்கி முடித்ததும் நிறம் தெளிந்து, அடியில் கரும்பழுப்பு கிளிசரின் இறங்கத் தொடங்கும். கம்பளியோடே ஓரிரவு விட்டு, காலையில் அடிவால்வால் வடியுங்கள். 3 முதல் 4 லீற்றர் வரும். மேலே நிற்பது ஏறக்குறைய ஊற்றிய அளவே இருக்கும்.

எதிர்வினை முடிந்ததா என்று பார்க்க 27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் எஸ்டரை விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய்த் துளி படியாமல் ஒரே தெளிவாக இருந்தால் நல்லது. இதை 20 முதல் 22 பாகையில் செய்யவேண்டும். காலைக் குளிரில் செய்தால் நல்ல எஸ்டர்கூடத் தோற்றதுபோலக் காட்டும். உண்மையிலேயே துளி படிந்தால், 1 லீற்றர் மெதனோலும் 20 கிராம் காரமும் கரைத்து, மறுபடி சூடாக்கிக் கலக்குங்கள். அந்தச் சூட்டை வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கியே கொடுக்கவேண்டும். எஸ்டருக்குள் இன்னும் மெதனோல் இருக்கிறது, அடுப்பில் வைக்கக்கூடாது.

கழுவல்

தண்ணீரை 40 முதல் 45 பாகைக்குச் சூடாக்குங்கள். இங்குள்ள குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சவர்க்காரம் திரண்டு வெண்மையான தடித்த படையாகி, நாட்கணக்கில் பிரியாது. முதல் கழுவலுக்கு 6 லீற்றரைப் பூவாளியால் மேலிருந்து தூவுங்கள். கலக்கவேண்டாம். ஒரு மணிநேரம் விட்டு வடியுங்கள். இரண்டாம் தடவை மெல்லக் கலக்கலாம், மூன்றாம் தடவை நன்றாகக் கலக்கலாம். வடியும் தண்ணீர் தெளிவாக, வழுவழுப்பில்லாமல் வரும்வரை தொடருங்கள். படை கட்டிவிட்டால் சூடான உப்புநீர் கொஞ்சம் ஊற்றிக் காத்திருங்கள். அடிக்கடி கட்டினால் கழுவலில் பிழை தேடவேண்டாம், மெதனோல் அளவிலும் உலர்த்தலிலும் தேடுங்கள்.

கழுவிய முதல் தண்ணீரில் காரம், சவர்க்காரம், மெதனோல் மூன்றும் இருக்கும். மலையக ஓடைகள்தான் மகாவலிக்கும் களனிக்கும் தலைநீர். அந்தத் தண்ணீரை ஓடையில் விடவே கூடாது. திறந்த தொட்டியில் தேக்கி, காடி ஊற்றிக் காரத்தை அடக்கி, சில நாட்கள் விட்டபின் ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளிய குழியில் ஊற்றுங்கள். கிளிசரினிலும் மெதனோல் இருக்கிறது, அதை விறகோடு எரிக்கவேண்டாம்.

உலர்த்துவதற்கு மூடுபனிக் காற்று உதவாது. திறந்து வைத்தால் பயோடீசல் ஈரத்தை மேலும் இழுக்கும். அகன்ற பாத்திரத்தில் 70 பாகைக்குச் சூடாக்கி, அரைமணிநேரம் கிளறி, ஆறியதும் மூடுங்கள். கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, அதற்குப் பின்னால் வைத்த பத்திரிகை எழுத்தை வாசிக்க முடிந்தால் போதும். மாதிரி ஒன்றை இரவில் வெளியே வைத்து, காலையில் வெப்பமானியோடு பாருங்கள். மங்கியிருந்தால் எண்ணெயில் பாம் கலந்திருக்கிறது.

என்ஜினுக்குள் போகும்போது

டீசல் 80, பயோடீசல் 20 என்ற பி20 கலவையே மலையகத்துக்கு நாம் சொல்வது. டீசலை முதலில் ஊற்றி, அதன்மேல் பயோடீசலை ஊற்றுங்கள். பயோடீசல் கனமானது, தானாகவே இறங்கிக் கலக்கும். மாறி ஊற்றினால் குளிரில் அடியில் தனியாக நின்று, முதலில் அதுவே பம்புக்குப் போகும்.

லேண்ட்மாஸ்டரின் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், ஜெனரேட்டர், டிமோ பட்டா, பழைய கன்டர், எல்ஃப் போன்ற இயந்திரப் பம்புள்ளவை இதற்குப் பொருந்தும். கொமன் ரெயில் (கணினியால் இயங்கும் உயரழுத்த இன்ஜெக்டர் முறை) என்ஜின்களில், அதிலும் புகைப்போக்கியில் துகள் பில்டர் உள்ளவற்றில், வீட்டில் செய்ததை ஊற்றவேண்டாம். அவற்றின் இன்ஜெக்டர் இடைவெளிகள் மிக நுண்ணியவை, பழுதானால் திருத்தும் செலவு மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

பழைய தாங்கியில் வருடக்கணக்காகப் படிந்த கசடைப் பயோடீசல் கரைத்துக் கிளப்பும். முதல் இரண்டு தாங்கிக்குள் பில்டர் அடைப்பது எரிபொருளின் குற்றமல்ல. உதிரி பில்டர் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். ஏற்றத்தில் என்ஜின் திணறி, தட்டையான பாதையில் சரியாக ஓடினால் அது பில்டர்தான். மாற்றியதும் காற்றை நீக்க மறக்கவேண்டாம். சாதாரண இரப்பர் ஹோஸ்கள் மெல்ல ஊதி, இணைப்புகளில் கசியும். முதலில் கசிவது பெரும்பாலும் இன்ஜெக்டர் திரும்பு ஹோஸ். அவற்றை விட்டன் (பயோடீசலைத் தாங்கும் செயற்கை இரப்பர்) ஹோஸாக மாற்றுங்கள். நீர் பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒருமுறை வடியுங்கள். ரிங் தேய்ந்த என்ஜினில் பயோடீசல் என்ஜின் ஒயிலுக்குள் இறங்கும். டீசலைப்போல அது ஆவியாகிப் போவதில்லை, ஆகவே ஒயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கி, அளவுகோலில் மட்டம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

புகை எவ்வளவு குறையும்

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2002இல் கனரக என்ஜின்களின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, பி20இல் துகள் சுமார் 10 வீதமும் காபன் மொனொக்சைட் 11 வீதமும் எரியாத ஹைட்ரோகாபன் 21 வீதமும் குறைந்ததாகக் கண்டது. நைதரசன் ஒக்சைட்டுகள் 2 வீதம் கூடின. அந்தத் தொகுப்பில் பெரும்பங்கு சோயா எண்ணெய். தேங்காய் எஸ்டர் நிறைவுற்றது, சீட்டேன் எண் (என்ஜினுக்குள் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்ற அளவு) உயர்ந்தது, ஆகவே நைதரசன் ஒக்சைட் பக்கம் அது சாதகமானது. பிலிப்பைன்ஸ் 2007இலிருந்து சட்டப்படி டீசலில் கலப்பது தேங்காய் எஸ்டரைத்தான்.

மலையகத்துக்கு இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் ரம்பொடை ஏற்றத்தில் கரும்புகை கக்குவது, பம்ப் அதே டீசலைத் தள்ள, எரிக்கக் காற்றுப் போதாததால். தேங்காய் எஸ்டரின் எடையில் ஏறக்குறைய 14 வீதம் ஒட்சிசன். அது சுவாலைக்குள்ளேயே, புகைக்கரி உருவாகும் இடத்திலேயே கிடைக்கிறது. இதற்கு விலையும் உண்டு: தூய தேங்காய் எஸ்டரின் சக்தி லீற்றருக்கு 12 முதல் 14 வீதம் குறைவு. பி20இல் அது 3 வீதத்துக்குள் அடங்கும், சுமையோடு ஏறும்போது கொஞ்சம் தெரியும். அதை ஈடுகட்ட பம்பின் அளவைக் கூட்டவேண்டாம், குறைத்த புகை அத்தனையும் திரும்பிவரும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் முதலில் எயார் பில்டரை மாற்றி, இன்ஜெக்டரை அழுத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒழுகுகிற இன்ஜெக்டர் எந்த எரிபொருளிலும் புகைக்கும். பிறகு என்ஜின் நன்கு சூடேறியதும், வெறும் டீசலில் ஒருமுறை, பி20இல் ஒருமுறை, ஒரே சுமையில் வெள்ளைத் துணியைப் புகைப்போக்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி 30 விநாடி பிடியுங்கள். எரிபொருளை மாற்றியபின் 20 நிமிடமாவது ஓடவிட்டே இரண்டாவதை எடுக்கவேண்டும், பில்டரிலும் குழாயிலும் பழைய டீசல் நிற்கும். வாகனம் என்றால் வருமான உத்தரவுப் பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைச் சீட்டு இன்னும் நம்பகமானது. சென்ற வருடத்துச் சீட்டை எறியாமல் வைத்திருந்து, புகையடர்த்தி எண்ணோடு எண்ணை ஒப்பிடுங்கள்.